இருபத்தொரு தட்டு பொம்மை

என் நாத்தனார் தங்கப்பொண்ணுவை எனக்குப் பிடிக்காது. கல்யாணமான புதிதில் பிடித்தது. அப்புறம் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அவள் பிள்ளை வளர்த்த பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவள் மகன் முத்திருளன் பழுதான பம்புசெட்டு மோட்டாரின் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிறானாம். மகள் செல்லத்தாய் வாத்தியார் பயிற்சிக்குப் படிக்கிறாளாம். இருக்கட்டும். அதனால் அவள் கதையை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொன்னால்தான் அவள் எனக்குச் செய்த அநியாயமும் சேர்ந்து வரும்.

அந்த அநியாயம் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை, ஒச்சப்பன். அவனை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு மிட்டாய்கூட வாங்கிக் கொடுக்காமல் இழுத்தாள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

தங்கப்பொண்ணு பிறந்தது உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமம். மழை பெய்தால் கம்பும் பருத்தியும், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா செத்துப்போனாள். அண்ணன் சோணைமுத்து, அதாவது என் வீட்டுக்காரர், அப்போது பத்து வயதுப் பையன். அவர்தான் தங்கச்சியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடு மேய்த்திருக்கிறார். நடக்கத் தெரிந்த பிறகும் அவள் இறங்க மாட்டாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் குழையும். எனக்கு எரிச்சலாக வரும்.

பிறகு அவர் மதுரைக்கு வந்து ஒரு பாத்திரக்கடையில் வேலைக்கு நின்று, தொழில் படித்து, கோயிலைச் சுற்றியிருக்கிற வீதியில் சொந்தமாக ஒரு கடை போட்டார். தங்கப்பொண்ணுவைப் பக்கத்து ஊரில் காசிமாயனுக்குக் கட்டிக்கொடுத்தார். காசிமாயன் சம்சாரி, காட்டில் உழுகிறவன், பேச்சு குறைவு. வீட்டில் பேச வேண்டியதை அவள்தான் பேசுவாள். அவளும் அதிகம் பேச மாட்டாள், ஆனால் பேசினால் அதற்கு மேல் யாரும் பேச முடியாது. நெடுநெடுவென்று வளர்ந்த பொம்பளை. பிள்ளை ஏதாவது செய்து கொண்டுவந்து காட்டினால் "ம்" என்பாள். அதோடு சரி. ராசா, கண்ணு என்று கொஞ்சி நான் பார்த்ததே இல்லை. பருத்தி எடுக்கிற நாளில் பிள்ளைகள் எங்கே இருக்கின்றன, என்ன செய்கின்றன என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பொழுது சாய்ந்தால் வாசலில் நின்று ஒரு சத்தம் போடுவாள். எங்கிருந்தோ ஏழெட்டுப் பிள்ளைகள் புழுதியோடு ஓடி வரும், அதில் இரண்டு அவளுடையது.

எங்கள் கடை முதலில் குடம், வாளி, சோப்புடப்பா என்றுதான் இருந்தது. எழுபத்தஞ்சுக்கு மேல் பிளாஸ்டிக் வந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. பொம்மையும் அதோடு வந்தது. சாவி கொடுத்தால் ஓடுகிற கார், மத்தளம் தட்டுகிற குரங்கு, படுக்க வைத்தால் கண்ணை மூடுகிற பாப்பா, தண்டவாளத்தோடு ரயில். புதுச்சரக்கு வந்தால் முதல் உருப்படி ஒச்சப்பனுக்குத்தான். அவனுக்கென்று ஒரு பீரோ. அதில் கீழ்த்தட்டு முதல் மேல்தட்டு வரை பொம்மைகள். தெருப் பிள்ளைகள் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும். ஒச்சப்பன் எதையும் உடைக்க மாட்டான். விளையாடிவிட்டு எடுத்த இடத்தில் வைப்பான். நான் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஒரு தடவை தங்கப்பொண்ணு கேட்டுவிட்டு, "ஒண்ணக்கூடவா ஒடைக்கல?" என்றாள். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை விசாரிக்கிற குரல்.

எழுபத்தெட்டாம் வருஷம் பொங்கலுக்கு என் வீட்டுக்காரர் ஒரு சாக்கு நிறையப் பொம்மை அள்ளிக்கொண்டுபோய்த் தங்கச்சி வீட்டில் இறக்கிவிட்டு வந்தார். முத்திருளனுக்கு அப்போது ஐந்து வயது, செல்லத்தாய்க்கு மூன்று. பிள்ளைகள் குதித்த குதியைப் பத்து நாள் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். நாலாம் நாளே அந்தச் சாக்கு கடைக்குத் திரும்பி வந்தது. தங்கப்பொண்ணு அதைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸேறி வந்திருந்தாள். கடையில் ஏழெட்டுப் பேர் சாமான் பார்த்துக்கொண்டிருந்த நேரம். நடுக்கடையில் சாக்கை இறக்கினாள்.

"அண்ணே, இந்தா ஒன் சாமான். பந்து ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டேன். மிச்சத்த வித்துக்க."

"ஏத்தா, பிள்ளைகளுக்குத்தான குடுத்தேன்?" என்றார் இவர்.

"மூணு நாளா வீடு வீடா இல்லண்ணே. இவன் அவளத் தொடவிடல, அவ இவனத் தொடவிடல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக வந்தா கதவச் சாத்துறாய்ங்க. ஆளுக்கொரு மூலையில ஒக்காந்து காவல் காக்குறாய்ங்க. அந்தக் காரு இருக்கே, சாவி குடுத்தா ஓடுது. நின்னா மறுபடியும் சாவி குடுக்கணும். வெளையாடுறதெல்லாம் காரு வெளையாடுது, எம்பிள்ளை ஒக்காந்து வேடிக்கை பாக்குது."

கடைக்கு வந்திருந்த ஓர் அம்மா கையில் எடுத்து வைத்திருந்த குரங்கை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். எனக்கு ரத்தம் கொதித்தது.

"மதுரையே வந்து வாங்கிட்டுப் போகுது. ஒனக்கு மட்டும் ஆகலையாக்கும்?" என்றேன்.

"மதுரைக்கு ஆகும் மதினி. எங்க வீட்டுக்கு ஆகல."

அவ்வளவுதான். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் சிரித்தார். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தானாம். கடை நடத்துகிறவன் சிரிக்கிற சிரிப்பா அது? அன்றிலிருந்து ஆரம்பித்தது எங்கள் இரண்டு பேருக்கும் பகை. எங்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. அவள் பாட்டுக்கு இருந்தாள், பகையை வளர்த்ததெல்லாம் நான்தான்.

இரண்டு வருஷம் கழித்து மாசிப் பச்சைத் திருவிழாவுக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போனோம். மூன்று நாள் அவள் வீட்டில் தங்கல். ஒச்சப்பனுக்கு எட்டு வயது. அவனுக்குப் பொழுது போக வேண்டுமே என்று ஒரு பை நிறையப் பொம்மை எடுத்து வந்திருந்தேன். ஊர்ப் பிள்ளைகள் கூடிவந்து பார்த்தன. ஆளுக்கொரு தடவை சாவி கொடுத்தன. ஒரு உலை கொதிக்கிற நேரம்கூட இருக்காது, கலைந்து போய்விட்டன. ஒச்சப்பன் காரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு அத்தைக்காரியிடம் போனான். அவள் வாசலில் உட்கார்ந்து பருத்தியில் தூசி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நான் என்ன வெளையாட?"

"எனக்கென்னடா தெரியும்?"

"போரடிக்குது அத்தை."

"அடிக்கட்டும். கொஞ்ச நேரம் சும்மா ஒக்காரு."

"சும்மா ஒக்காந்து?"

"எதாச்சும் தோணும். தோணலைன்னா இன்னும் கொஞ்ச நேரம் ஒக்காரு."

வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். சாமிக்குப் பயந்து இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பையனைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் படப்புப் பக்கம் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

அங்கே உசிலம்பட்டி மாட்டுச் சந்தை நடந்துகொண்டிருந்தது. மாடெல்லாம் கல். சிவப்புக் கல் செவலை, சாம்பல் கல் மயிலை, கறுப்புக் கல் காரி. ஒவ்வொன்றும் நாராலான கயிற்றில் கட்டிக் கிடந்தது. முத்திருளன் தரகன். தலையில் அவன் அப்பாவின் துண்டு. செல்லத்தாய் மாட்டுக்குச் சொந்தக்காரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்தபடி நிற்கிறாள். என் பிள்ளை டவுனிலிருந்து வந்த வியாபாரி. ஏமாறத் தோதான ஆள் என்று அவனைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கல்லைப் புரட்டிப் புரட்டி, "இதுக்குச் சுழி சரியில்லையே, பல்லு நாலுதான போட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சுழி என்றால் என்னவென்று எனக்கே தெரியாது. பிறகு முத்திருளனும் அவனும் கையைச் சேர்த்து, துண்டைப் போட்டு மூடிக்கொண்டார்கள். பெரிய தரகர்கள் செய்கிற மாதிரியே, துண்டுக்குள் விரலைப் பிடித்து, வாய் திறக்காமல் விலை பேசினார்கள். விலை படியவில்லை போலிருக்கிறது. ஒச்சப்பன் கையை உதறிக்கொண்டு எழுந்து நாலடி போனான். செல்லத்தாய் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து, "யோவ், திரும்பி வாய்யா, பிள்ளைகுட்டிக்காரி வவுத்துல அடிக்காத" என்று அழுதாள். மூன்று பேரும் தரையில் விழுந்து சிரித்தார்கள்.

என் பிள்ளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

ஊர் திரும்பியபோது அவன் கால்சட்டைப் பையில் ஒரு சிவப்புக் கல் இருந்தது. மாடு வாங்கியிருக்கிறானாம். நான் அதைப் பிடுங்கி வீட்டுக்கு எதிரே ஓடுகிற சாக்கடையில் வீசினேன். அழுதான். பொம்மைக்கடைக்காரன் பிள்ளை கல்லுக்கு அழுகிறான் என்றால் தெருவில் நான் எப்படி முகத்தைக் காட்டுவது? புதிதாக வந்திருந்த ரயிலை எடுத்துக் கொடுத்தேன். அழுகையை நிறுத்தினான். "சரிம்மா" என்றான். வாங்கிக்கொண்டுபோய்ப் பீரோவில் வைத்துவிட்டு வந்தான். அந்த "சரி"யைக் கேட்டுத்தான் முதல் தடவையாகப் பயந்தேன். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது, அத்தை வீட்டுக்கு எப்போது போகிறோம் என்று கேட்க ஆரம்பித்தான். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொன்னேன்.

அடுத்த வருஷம் வைகாசியில் முத்திருளனுக்கும் செல்லத்தாய்க்கும் சேர்த்துக் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் கல்யாணத்துக்குக் கொஞ்சமும் குறைச்சல் இல்லை. அதில் தாய்மாமன்தான் ராஜா. மேளதாளத்தோடு சீர் கொண்டுவர வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். தங்கப்பொண்ணு வெற்றிலை பாக்கோடு வந்து அண்ணனை முறையாக அழைத்தாள். அழைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஆடு கொண்டா, துணிமணி கொண்டா, கொட்டு வச்சு ஊரே அதிர வா. பொம்மை மட்டும் வேணாம்ணே."

இவர் "சரித்தா" என்று தலையை ஆட்டிவிட்டார். அவள் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன்.

"மதுரையில பொம்மைக்கடை வச்சிருக்கிற தாய்மாமன் சீருல பொம்மை இல்லைன்னா ஊரு என்ன சொல்லும்? கடை நொடிச்சுப்போச்சுன்னு சொல்லும். தங்கச்சி புருசன் வீட்டாளுக வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாக. நீங்க தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நில்லுங்க."

இரண்டு நாள் விடாமல் இதையே சொன்னேன். மூன்றாம் நாள் அவர் மனசு மாறியது. ஆக, எல்லாம் என் வேலைதான். அவளை ஊர் முன்னால் வாயடைக்க வைக்க வேண்டும். தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்ப எவளுக்கும் துணிச்சல் வராது. நாலு பேர் பார்க்க அந்தப் பொம்மைகள் அவள் வீட்டுக்குள் போக வேண்டும். என் பிள்ளை அதைப் பார்க்க வேண்டும். இதுதான் என் திட்டம்.

பழம், தேங்காய், சேலை, வேட்டி எல்லாம் ஏழு தட்டு. அதற்கு மேல் இருபத்தொரு தட்டு பொம்மை, கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி. வேன் பிடித்துப் போய் ஊர் மந்தையில் இறங்கினோம். கொட்டு முழங்கியது. பெண்கள் வரிசையாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஊரே வாயைப் பிளந்தது. நான் புதுப்பட்டில், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, இவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

தங்கப்பொண்ணு ஆலாத்தித் தட்டோடு வந்தாள். அண்ணனுக்குச் சுற்றினாள், பொட்டு வைத்தாள். பிறகு வரிசையை ஒரு தடவை முழுசாகப் பார்த்தாள். பழத்தட்டு, துணித்தட்டு எல்லாவற்றையும் உள்ளே போகச் சொன்னாள். முதல் பொம்மைத் தட்டு வந்ததும் குறுக்கே நின்றுகொண்டாள்.

"இது இங்கனயே நிக்கட்டும்."

கொட்டு நின்றுவிட்டது. காசிமாயன் ஓடி வந்தான். "அடியே, மச்சான் சீர நிறுத்துறயா? ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கத்தினான். அந்த மனுஷன் அவ்வளவு சத்தமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். அவன் சொந்தக்காரப் பெண்கள் ஆளாளுக்கு அவளை ஏசினார்கள். அவள் அசையவில்லை.

"அண்ணே, நான் சொல்லித்தான அனுப்புனேன். இம்புட்டையும் உள்ள விட்டா நாளையிலருந்து எம்பிள்ளைக ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாது. ஊர்ப்பிள்ளைகளும் எங்க வாசலுக்கு வராது. நீ வா. ஒன் மடி போதும்."

இவர் தட்டு வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "தட்டு வந்தாத்தான் நானும் வருவேன்" என்றார்.

"இப்படி நிறுத்தி வச்சு அவமானப்படுத்துறவ வீட்டுக்கு என்ன மடி? வாங்க போவோம்" என்று நான் இழுத்தேன். அவர் போகவும் இல்லை, உள்ளே நுழையவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

மந்தையிலிருந்து பார்த்தால் பந்தல் தெரியும். மொட்டையடித்துச் சந்தனம் பூசி இரண்டு பிள்ளைகளும் மிரண்டுபோய் நின்றன. ஆசாரி தங்க ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்ல நேரம் இன்னும் அரை மணிதான் இருக்கு தாயி" என்று குரல் கொடுத்தார். காசிமாயனின் சித்தப்பா, வயதான மனுஷர், வழி சொல்ல வந்தார். தங்கப்பொண்ணுவுக்குச் சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கிறான், அவனும் தாய்மாமன் முறைதான், அவனை உட்கார வைக்கலாம் என்றார்.

"எங்கண்ணன் கண்ணு முன்னால நிக்கையில இன்னொருத்தன் மடியா? காது குத்தாமலே கெடக்கட்டும்" என்றாள் அவள்.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதும் காலை எடுத்து வைக்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, இன்னொரு கையில் பிடித்திருந்த பிள்ளை கையை உருவிக்கொண்டான். மடக்கிப் பிடித்தேன். பலமாக உருவினான். நேரே அந்தப் பெரியவரிடம் போய், "தாத்தா, தாய்மாமனுக்குப் பதிலா அவரு மகன் ஒக்காந்தா செல்லுமா?" என்று கேட்டான்.

பெரியவர் சிரித்துவிட்டார். "எல்லாம் ஒரே வீட்டு ரத்தந்தான? செல்லும்டா ராசா."

ஒன்பது வயதுப் பிள்ளை. பந்தலுக்குள் போய் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். செல்லத்தாயைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்கள். அவள் ஊசியைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினாள். ஒச்சப்பன் தோளில் கிடந்த புதுத்துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டான். துண்டுக்குள் தன் கையை விட்டு அவள் விரலைப் பிடித்தான். "செவலை எம்புட்டு?" என்று கேட்டான். அவள் அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு விரலைப் பிடித்து விலை சொன்னாள். "அம்புட்டு ஆகாது" என்று இவன் தலையை ஆட்டினான். அவள் கோபத்தோடு வேறு விரலைப் பிடித்தாள். அதற்குள் ஆசாரி ஒரு காதை முடித்து மறு காதுக்கு வந்துவிட்டார். பந்தலில் இருந்த சந்தைத் தரகர்கள் இரண்டு பேர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்து முத்திருளன். அவனும் இவனும் கிட்டத்தட்ட ஒரே உயரம். முத்திருளன் உட்கார்ந்ததும் மணை சாய்ந்து இரண்டு பேரும் பின்பக்கமாக விழப் போனார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் கையிலிருந்த கை காணாமல் போனது அப்போதுதான். என் வீட்டுக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். மகனுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு பேரையும் சேர்த்து மடியில் வாங்கிக்கொண்டார். தங்கப்பொண்ணு அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மந்தையில் நான் மட்டும் நின்றேன். தட்டுத் தூக்கி வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். வைகாசி வெயிலில் கண்ணாடித்தாள் பளபளத்தது. அக்கம்பக்கத்து நாய் ஒன்று வந்து மோந்து பார்த்தது. அதை விரட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கப்பொண்ணு வந்தாள்.

"சாப்பிட வாங்க மதினி."

"பசிக்கல."

இலையில் கட்டிக் கொண்டுவந்திருந்த சோற்றையும் கறியையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஜெயித்துவிட்ட முகம் இல்லை அவளுக்கு. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் ஒச்சப்பன் அங்கேயே இருக்கிறேன் என்றான். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருந்தது. இவரும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். நான் பிள்ளையைத் தரதரவென்று இழுத்து வேனில் ஏற்றினேன். பொம்மைத் தட்டுகளும் எங்களோடு திரும்பி வந்தன.

வீட்டில் தனியாக விட முடியாது என்று மறுநாளிலிருந்து கடைக்குக் கூட்டி வந்தேன். கல்யாண மாசம், கடையில் கூட்டம் நெரிந்தது. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். அடம் இல்லை, அழுகை இல்லை. நாலைந்து நாள் இப்படிப் போனது. ஒருநாள் காலையில், கூட்டம் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டான்.

"அம்மா, என்னைய அத்தை வீட்டுல விட்டுரும்மா."

"அங்க என்னடா இருக்கு? கரண்டுகூட இல்ல."

"ஆளு இருக்காகம்மா."

"ஏன், இங்க நாங்க இல்லையா?"

உண்மையாகவே யோசித்தான். பிறகு, "நீ எங்கூட வெளையாடுவியா?" என்று கேட்டான்.

விளையாடுவேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு கல்யாண வீட்டுக்காரர் குடம் கேட்டு வந்துவிட்டார். "இருடா, இந்த ஏவாரத்த முடிச்சுட்டு வாரேன்" என்றேன். சொல்லிக்கொண்டே என் கை பின்பக்க அலமாரிக்குப் போய், முந்தின நாள் வந்திறங்கிய ஹெலிகாப்டரை எடுத்து அவன் முன்னால் நீட்டியது. நான் யோசித்து நீட்டவில்லை. கை தானாகவே போனது. அவன் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து, கூட்டம் வரும்போதெல்லாம் அது இப்படித்தான் போய் எதையாவது எடுத்து நீட்டியிருக்கிறது. அந்தப் பீரோ எப்படி நிறைந்தது என்று எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது.

ஒச்சப்பன் ஹெலிகாப்டரை வாங்கிக்கொண்டான். எழுந்து போய் அலமாரியில் அது இருந்த இடத்திலேயே, முகம் வெளியே தெரிகிற மாதிரி நேராக வைத்தான்.

"இருக்கட்டும்மா. யாராச்சும் வாங்க வருவாக."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அதட்டியிருப்பேன். கல்யாண வீட்டுக்காரர் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன சொன்னேன், எதைக் கட்டிக் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். தங்கப்பொண்ணு வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். "வாங்க மதினி" என்றாள். உள்ளே வரச் சொன்னாள். திரும்புகிற பஸ் நிற்கிறது, நேரமில்லை என்றேன். அவன் துணிப்பையை அவள் கையில் கொடுத்தேன். எட்டு நாளில் வந்து கூட்டிப்போகிறேன், அத்தை சொல்பேச்சுக் கேட்டு இரு என்று சொல்வதற்காக அவன் பக்கம் திரும்பினேன். அவன் எப்போதோ படப்புப் பக்கம் ஓடிப்போயிருந்தான்.